எல்லாக் கட்டத்திலும் டிக் விழும்

பயப்படாதீங்க சார். கரண்ட் போயிருச்சு, அவ்வளவுதான். லிஃப்ட் நின்னா எல்லாரும் கதவைப் போட்டுத் தட்டுவாங்க, நீங்க கம்முன்னு நிக்கறீங்க, அதுவே பெரிய விஷயமுங்க. சித்த நேரம் பொறுத்துக்குங்க. இது நம்ம கம்பெனி லிஃப்ட்டு. அங்க மேல மஞ்ச எழுத்துல செந்தூரகிரி லிஃப்ட்ஸ்னு போட்டிருக்கும், இருட்டுல தெரியாது. கரண்ட் போனா உள்ள இருக்கற பேட்டரி தானா எந்திரிச்சு, பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் தொறந்து விட்டுரும். மின்தடை மீட்புன்னு பேரு. இந்தக் கட்டடத்துக்கு அதைக் கம்ப்யூட்டர்ல டிக் பண்ணுனது நாந்தான், என்ற கையால பண்ணுனது. இப்ப வந்துருமுங்க.

நீங்களும் ஏழாவது மாடிதானுங்களா? நான் கையை நீட்டறதுக்குள்ள நீங்களே ஏழாம் நம்பரை அழுத்திட்டீங்களே. கையில சாத்துக்குடிப் பை வேற. அப்ப நம்ம முதலாளி நாச்சிமுத்து வீட்டு விருந்துக்குத்தான். காலையில கிரகப்பிரவேசத்துக்கு வர முடியாதவங்கெல்லாம் சாயங்காலம் வந்துட்டு இருக்காங்க. உங்களைப் பாத்தா முதலாளி சம்சாரம் வகையில சொந்தம் மாதிரி தெரியுது. என்ற பேரு பாலதண்டபாணி. மென்பொருள் பிரிவுக்கு நான் பொறுப்பு. இன்னிக்கு விருந்து முடியறப்ப தலைவர்னு அறிவிக்கறதாப் பேச்சு. பொறுப்புன்னா வேலை மட்டும் நம்முளுது, தலைவர்னா நாற்காலியும் நம்முளுது.

இன்னொரு விசேஷமும் இருக்குதுங்க. ஒரு பெரிய டாக்டர் வர்றார். இன்னேரம் மேல வந்து சோபாவுல உக்காந்திருப்பார், டிரைவர் வச்ச கார் ஒண்ணு கீழ நின்னுதே, பாத்தீங்களா? புதுசா ஆஸ்பத்திரி கட்டறார். அதுக்கு வரிசையா லிஃப்ட்டு, பாதி ஸ்ட்ரெச்சர் போற லிஃப்ட்டு. அத்தனையும் நமக்குத்தான். நல்ல நேரம் பாத்து அவர் கையாலயே முதல் டிக்கைப் போட வைக்கறதா ஏற்பாடு. அதுக்குத்தான் இந்தப் பையில லேப்டாப்பு. மூடியில சந்தனம் குங்குமம் வச்சு எடுத்துட்டு வந்திருக்கேன்.

ஏனுங்க, அந்த மணி பட்டனை மட்டும் தொட வேண்டாமுங்க. தேவையே இல்லை. பேட்டரி இப்ப எந்திரிச்சுரும். அந்தப் பட்டனை அழுத்துனா வாட்ச்மேனுக்குப் போகும்னு நினைச்சீங்களா? அது மேகலா போன்ல போய் அடிக்கும். அதுக்கு நாம இங்கயே கெடந்துக்கலாம்.

மேகலா யாரா? சொல்றனுங்க. சும்மாதானே நிக்கறோம்.

கெர்னல்னா என்னன்னு தெரியுமுங்களா? தெரியாட்டிப் பரவால்லீங்க, எங்க முதலாளிக்கும் தெரியாது. லிஃப்ட்டுக்கு ஒரு போர்டு இருக்குது. போர்டுக்குள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டரு. அந்தக் கம்ப்யூட்டருக்கு அடிப்படையா ஓடற ஒண்ணுதான் கெர்னல். மோட்டாரைச் சுத்தோணும், கதவைத் தொறக்கோணும், பேட்டரியத் தொடோணும், எதுன்னாலும் அதுகிட்டக் கேட்டுத்தான் நடக்கும். உலகத்துக்கே பொதுவா ஒரு கெர்னல் செஞ்சு இலவசமாக் குடுக்கறாங்க. அதுல ஆயிரக்கணக்குல வசதி இருக்குது, கல்யாணப் பந்தி மாதிரி. அதுல லிஃப்ட்டுக்கு வேணுங்கறதை மட்டும் இலையில வச்சுக்கிட்டு மிச்சத்தை வேண்டாம்னு சொல்லி, நமக்குன்னு தனியா ஒண்ணு தயார் பண்ணிக்கோணும். எதை வைக்கறது, எதை எடுக்கறதுங்கறதுதான் வேலையே.

முன்னாடி அந்த வேலையை மேகலாதான் பாத்துட்டு இருந்துது. உடுமலைப் பக்கத்துப் புள்ளை. நல்லாப் படிச்சிருக்குது, அதை நான் இல்லைங்கலை. ஆனா வாயி. கருப்பு ஸ்கிரீனை வச்சுக்கிட்டு, மவுசு கூடக் கிடையாது, அம்புக்குறியத் தட்டித் தட்டி மேலயும் கீழயும் போய் ஒவ்வொண்ணாப் படிச்சுப் போடும். நாம பின்னாடி போய் நின்னா, 'சார், வெளிச்சத்தை மறைக்காதீங்க'ங்கும். அந்தக் கருப்பு ஸ்கிரீனும் அதே குணம். ஒண்ணைப் போடலாம்னு போனா, 'அதுக்கு முன்னாடி இதைப் போடு'ங்கும். ஒண்ணை எடுக்கப் போனா, 'அப்ப அதுவும் போயிரும்'ங்கும். அழுத்தறவர் முதலாளியா, டீ கொண்டு வர்றவரான்னெல்லாம் அது பாக்காது.

நான் வந்துதான் அதை மாத்துனனுங்க. ஜன்னல் போட்டு, கலர் போட்டு, எல்லாத்தையும் தமிழ்ல எழுதி, ஓரத்துல மயில் படம் வச்சு ஒரு செயலி செஞ்சேன். கெர்னல்ல இருக்கற ஒவ்வொரு வசதிக்கும் ஒரு கட்டம். வேணும்னா டிக்கு, வேண்டாம்னா டிக்கை எடுத்துரலாம். முதலாளி பாத்துட்டு, 'தண்டபாணி, இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான்டா என்ற கம்பெனி எனக்குப் புரியுது'ன்னார். அன்னிக்கு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க, பொய் சொல்லலை.

இன்னும் வரலீங்களே. பேட்டரி குளுந்து கெடந்தா கொஞ்சம் தாமதம் ஆகும். இப்ப வந்துரும்.

அதுக்கப்பறம் முதலாளிக்கு அதுல ஒரு ருசி விழுந்து போச்சு. மத்தியானம் சாப்பிட்டுட்டு வெத்தலையப் போட்டுக்கிட்டு என்ற சீட்டுக்கு வந்துருவார். அவருக்கு ஒரே ஆசை, ஸ்விட்சைப் போட்டா போர்டு படக்குன்னு எந்திரிக்கோணும். அதுக்குக் கெர்னல் மெலிசா இருக்கோணுமில்ல. அதனால ஒவ்வொரு கட்டமாப் பாத்து, 'இது எதுக்குடா தண்டமா?'ம்பார். எதுக்குன்னு எனக்கும் தெரியாது. 'எடுத்துரலாமுங்க'ம்பேன். டிக்கை எடுப்பார். மேகலா அந்தப் பக்கமிருந்து நாற்காலியத் தள்ளிட்டு எந்திரிச்சு வரும். அதுக்குள்ள அவர் வெத்தலை துப்பப் போயிருப்பார்.

ஆயுத பூஜை வந்துச்சு. எங்க கம்பெனி வழக்கம் என்னன்னா, புது மாடல் போர்டுக்கு பூஜையில வச்சு முதலாளி முதல் டிக்கைப் போடுவார். ஐயர் மந்திரம் சொல்லி முடிக்கவும் டிக் விழுகவும் சரியா இருக்கோணும். பேங்க் மேனேஜர் வந்திருக்கார், கட்டடம் கட்டறவங்க நாலஞ்சு பேர் வந்திருக்காங்க, பொரிகடலைத் தட்டோட எல்லாரும் ஸ்கிரீனைப் பாத்துட்டு நிக்கறோம். முதலாளி மின்தடை மீட்புங்கற கட்டத்துல போய் அழுத்துனார். விழுகலை. மறுபடி அழுத்துனார். கட்டம் சாம்பல் கலர்ல மங்கலாக் கெடக்குது, அசையலை. ஐயர் மந்திரத்தை நிறுத்திப்போட்டு என்ற மூஞ்சியப் பாக்கறார். முதலாளி மவுசைக் கையில தூக்கிப் பாக்கறார்.

அப்பத்தான் கூட்டத்துக்குப் பின்னாடி இருந்து மேகலா சொல்லுச்சு. 'சார், பேட்டரியும் போர்டும் பேசிக்கறதுக்கு ஒரு தடம் இருந்துது. போன வாரம் தண்டம்னு நீங்கதான் அதை எடுத்தீங்க. அது இல்லாம இது விழாது.' அத்தனை பேர் முன்னாடியும் சொல்லுதுங்க. நல்ல நாள் அதுவுமா, விளக்கேத்தி வச்ச எடத்துல, முதலாளியப் பாத்து விழாதுன்னு சொன்னா எப்படி இருக்கும்? அவர் மூஞ்சி செத்துப்போச்சு. பேங்க் மேனேஜர் பொரியை வாயில போடாம கையிலயே வச்சுட்டு நின்னார்.

அன்னிக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு எறங்கலைங்க. ஒரு மனுசனை இப்படியா கூனிக் குறுக வைக்கறது? தப்பு யார் மேலன்னு யோசிச்சேன். முதலாளி மேல இல்லை. சாம்பல் கலர் மேல. அந்தக் கலர் எதுக்கு இருக்குது? முடியாதுன்னு சொல்றதுக்கு. ஒரு செயலி முதலாளியப் பாத்து முடியாதுன்னு சொல்லலாமா? அதை எடுத்துட்டேன். அதுக்கப்பறம் நம்ம செயலியில யார் எதை அழுத்துனாலும் டிக் விழும், பச்சையா, குண்டா. எதை எடுத்தாலும் மத்த டிக்கெல்லாம் அப்படியே நிக்கும். எதிர்க் கேள்வி கிடையாது.

மறு வெள்ளிக்கிழமையே நல்ல நேரம் பாத்து மறுபடி பூஜை போட்டோம். முதலாளி அழுத்துனார், டிக் விழுந்துச்சு, தேங்காய் உடைச்சோம். அவர் என்ற தோளைத் தட்டிக் குடுத்தார். மேகலா மட்டும் பிரசாதத்தைக் கையில வாங்காம நின்னுட்டு, 'சார், டிக் ஸ்கிரீன்லதான் விழுந்திருக்கு. கெர்னல்ல விழுகலை'ன்னுது. நான் பொறுமையாத்தான் சொன்னேன், 'முதலாளி பாக்கறது ஸ்கிரீனைத்தானம்மா'ன்னு. நான் சொன்னதுல ஏதாவது தப்பிருக்குதுங்களா?

நீங்க தலையாட்டறீங்களா, இல்லையான்னே இருட்டுல தெரியலை. இருங்க, லேப்டாப்பைத் தொறக்கறேன். வெளிச்சமும் வந்த மாதிரி இருக்கும், நீங்களும் பாத்துக்கலாம்.

இதா பாருங்க. இந்த அப்பார்ட்மெண்ட்டுக்குன்னே தனியா வச்சிருக்கேன். மின்தடை மீட்பு, பச்சை டிக்கு. தெரியுதுங்களா? நாம நிக்கற இந்தப் பெட்டிதான். இதை நம்பித்தான் கட்டடக்காரங்க ஜெனரேட்டர் கனெக்‌ஷனையே பொறவு பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்க. அவ்வளவு நம்பிக்கை நம்ம டிக்கு மேல. அப்பறம் எதுக்கு இன்னும் எறங்கலைங்கறீங்களா? அதை ஆளுங்களை விட்டுப் பாக்கச் சொல்றேன். வயரிங்குல ஏதாவது இருக்கும்.

நீங்களே ஒண்ணை அழுத்திப் பாருங்களேன். கூச்சப்படாதீங்க, எதை வேணும்னாலும் அழுத்தலாம். ஆங், விழுந்துச்சா? அதையும் போடுங்க. விழும். அட, நீங்க ரெண்டையும் போட்டுட்டீங்க. 'அவசரம்னா கைவேலையை விட்டுட்டு ஓடு', 'கைவேலையை முடிச்சுட்டுத்தான் எந்திரி'. பழைய கருப்பு ஸ்கிரீனா இருந்தா ரெண்டுல ஒண்ணுதான்னு அடம் பிடிக்கும். நம்மகிட்ட ரெண்டும் விழும். அப்ப கெர்னல் எப்படி நடந்துக்கும்னா கேக்கறீங்க? அது பாட்டுக்கு ஏதோ ஒண்ணு பண்ணிக்கும். அழுத்துனவருக்கு மனக்கஷ்டம் இல்லை பாத்தீங்களா, அதுதான் முக்கியம்.

இந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்குது. ஊர்ல ஓடற நம்ம லிஃப்ட்டெல்லாம் எப்படி இருக்குதுன்னு ஒரே பார்வையில பாக்கறதுக்கு. முன்னாடி நின்னுபோன லிஃப்ட்டுக்குச் சிவப்பு வச்சிருந்தேன். சிவப்பைப் பாத்தா முதலாளிக்கு பிரஷர் ஏறுது. அதனால இப்ப பச்சை, இளம்பச்சை, கரும்பச்சைன்னு மூணாப் பிரிச்சுட்டேன். கரும்பச்சைன்னா கொஞ்சம் போய்ப் பாக்கறது நல்லதுன்னு அர்த்தம். அந்த அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொஞ்சம் புழுக்கமா இருக்குதில்லீங்க? சட்டை ஒட்டுது. நான் கதவோரமா நின்னுக்கறேன், காத்து வந்தாலும் வரும். அந்தப் பட்டன் பக்கம் கையைக் கொண்டு போகாதீங்கன்னு சொன்னேனே.

பொள்ளாச்சியில ஒரு கல்யாண மண்டபம். நம்ம லிஃப்ட்டு. சமையல் கீழ, பந்தி மேல. முகூர்த்தம் முடிஞ்சு முதல் பந்தி உக்காந்தாச்சு. சமையக்காரரு சாம்பார் அண்டாவோட லிஃப்ட்டுல ஏறுனார், கரண்ட் போச்சு. நடுவுல நின்னுருச்சு. உள்ள அவரும் அண்டாவும். கொதிக்கற அண்டாங்க, அதுகூட அந்தப் பொட்டிக்குள்ள. ஆளை வெளிய எடுக்கறப்ப வெந்து போய் மயக்கமாக் கெடந்தாராம். மேல சனங்க வெறும் சோத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்து, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இலையை மடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்த மண்டபத்துக்காரர் நம்ம ஆபீசுல வந்து பேசுன பேச்சு இருக்குதே, அதை இங்க சொல்ல முடியாது.

முதலாளி மீட்டிங் போட்டார். மேகலா அந்த மண்டபத்துக்கே போய்ப் போர்டைக் கழட்டிட்டு வந்து மேசை மேல வச்சுது. 'இதுக்குள்ள மின்தடை மீட்பே இல்லை. கெர்னல்ல இல்லாத ஒண்ணை பேட்டரி எப்படிச் செய்யும்? அந்தச் சமையக்காரர் பேரு சின்னச்சாமி. இடது கை பூராக் கொப்புளம். போய்ப் பாத்துட்டு வந்துதான் பேசறேன்'ன்னுது. முதலாளி என்னைப் பாத்தார். நான் ஒண்ணும் வாதாடலைங்க. லேப்டாப்பைத் தொறந்து, மண்டபத்துப் பேரைத் தேடி, திருப்பிக் காட்டுனேன். பச்சை டிக்கு. முதலாளி கண்ணாடியப் போட்டுப் பாத்தார். கணக்குப் பிள்ளை பாத்தார். சேல்ஸ்காரர் பாத்தார். 'இருக்குதேம்மா'ன்னாங்க எல்லாரும். அப்பறம் என்ன, மின்வாரியத்து மேல பழியப் போட்டு முடிச்சுட்டோம்.

அந்தப் புள்ளை அந்த போர்டையே பாத்துட்டு உக்காந்திருந்துச்சு. அழுகலை. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா கம்பெனின்னா ஒத்துமை வேணுமில்லீங்களா? நாந்தான் முதலாளிகிட்டச் சொன்னேன், இந்தப் புள்ளைக்குக் குறைகள்னா ரொம்பப் பிடிக்குது, குறை கேக்கற வேலையையே குடுத்துரலாமுங்கன்னு. அன்னிலிருந்து கெர்னல் பக்கம் வர்றதில்லை. லிஃப்ட்டுல யார் மாட்டுனாலும் மணியடிச்சா மேகலா போனுக்குத்தான் போகும், ராத்திரி பகல் பாக்காம. இந்தப் பட்டனுக்கும் இதோட இருக்கற ஸ்பீக்கர் போனுக்கும் தனி பேட்டரி, சாதா ஒயரு, இதுல கெர்னலே வேண்டாம்னு சண்டை போட்டு வச்சதும் அதுதான். பழைய காலத்துப் புத்தி.

இப்பச் சொல்லுங்க. இன்னும் சித்த நேரத்துல என்னைத் தலைவர்னு சொல்லப் போறாங்க. இப்பப் போய் நான் என்ற லிஃப்ட்டுக்குள்ளிருந்து அந்தப் புள்ளைக்கு போன் போட்டுக் காப்பாத்துன்னு கேக்கறதா? நீங்களே சொல்லுங்க.

மூச்சு வாங்குதுங்களா எனக்கு? இல்லீங்க, பேசிட்டே இருந்தேனில்ல, அதான். கொஞ்சம் உக்காந்துக்கறேன். என்னமோ சுவரு கிட்ட வர்ற மாதிரி இருக்குது. உண்மையச் சொல்லிர்றேன், எனக்குப் பயமா இருக்குதுங்க. வெளிய சொல்லீராதீங்க. இப்ப வந்துரும், டிக் இருக்குது, இப்ப...

அய்யோ, அழுத்திட்டீங்களா. சரி, அழுத்திட்டீங்க. போகுது. மணி போகுது. நான் இங்க இருக்கறதை மட்டும் சொல்லாதீங்க, கும்புட்டுக் கேக்கறேன். உள்ள ஒரே ஒருத்தர்தான்னு சொல்லிருங்க. நான் வாயே தொறக்கலை.

கேக்குதுங்களா அந்தக் குரலு? 'வணக்கம், பயப்படாதீங்க, எந்தக் கட்டடம்னு மட்டும் சொல்லுங்க'ங்குது. எத்தனை தன்மையாப் பேசுது பாருங்க. என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்குமா? ஒருத்தர்னு சொல்லுங்க. ஒருத்தர், ஒருத்தர். விரலைக் காட்டறேன் பாருங்க.

ரெண்டு பேருன்னுட்டீங்களே. பேரையும் சொல்லிட்டீங்க, மூச்சு வாங்கறதையும் சொல்லிட்டீங்க.

போனை வச்சுருச்சுங்களா? இல்லை, இருக்குது. என்ன சொல்லுது? 'பாலதண்டபாணி சார், கம்பியப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காருங்க. காலரு பட்டனைக் கழட்டி விடுங்க. நான் பிரான்சிஸ் அண்ணனுக்குச் சொல்லிட்டேன், மொட்டை மாடிக்கு ஏறிட்டு இருக்கார். இப்ப மெதுவா அசையும், பயந்துராதீங்க.' அவ்வளவுதான். ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருக்கலாமில்லீங்க? நானா இருந்தா காட்டியிருப்பேன். அது காட்டாமப் போனதுதான் எனக்கு என்னமோ பண்ணுது.

பிரான்சிஸ்னா இங்கத்த வாட்ச்மேனுங்க. மேல பிரேக்கைக் கையில தளர்த்தி லிஃப்ட்டை எப்படி நகத்தறதுன்னு அவருக்கு யார் சொல்லிக் குடுத்தது? இந்த மேகலாதானா? ஒவ்வொரு கட்டடமாப் போய் வாட்ச்மேனுக்கெல்லாம் பாடம் எடுத்திருக்குது போல. டிக்கு இருக்கறப்ப அது எதுக்கு? யாரைக் கேட்டுப் போச்சு? விசாரிக்கறேன்.

கையை எதுக்குங்க பிடிக்கறீங்க? நான் நல்லாத்தான் இருக்கேன். மணிக்கட்டைப் பிடிச்சுட்டு வாட்சை வேற பாக்கறீங்க. எதுக்கு வாட்சைப் பாக்கறீங்க?

நீங்க டாக்டருங்களா?

எந்த ஆஸ்பத்திரிங்க?

அந்த ஆஸ்பத்திரியா. அப்ப கீழ நின்ன கார் உங்களுது இல்லீங்களா? ஆட்டோவுல வந்தீங்களா. சரிங்க. நானா எதையும் கேக்கவே இல்லை பாருங்க. நீங்களும் சொல்லலை. நல்லாத் தலையாட்டிட்டே கேட்டுட்டு நின்னீங்க, எனக்கும் பேச நல்லா இருந்துச்சு.

நான் சொன்னதெல்லாம் பேச்சுக்குச் சொன்னது சார். உங்க ஸ்ட்ரெச்சர் லிஃப்ட்டுக்கெல்லாம் விசேஷமாப் பண்ணிரலாம். டிக்கை இன்னும் கொஞ்சம் பெரிசா வச்சுத் தர்றேன். அசையுதுங்க. அசையுது பாருங்க. மேல போகுது. நான் சொன்னனில்ல, இப்ப வந்துரும்னு?

தொறந்துருச்சு. ஏழாவது மாடியேதான். மொதல்ல நீங்க எறங்குங்க சார்.

வணக்கமுங்க முதலாளி. இவர்தானுங்க டாக்டரு. பொன்னாடையப் போத்துங்க, நாங்க உள்ள நல்லாப் பழகிட்டோம். டாக்டர் சார், உள்ள வாங்க, மொதல்ல ஒரு டீ சாப்பிடலாம். முதலாளி, லேப்டாப்பு ரெடியா இருக்குதுங்க. நல்ல நேரம் இன்னும் இருக்குது.

என்னங்க சார்? டிக்கெல்லாம் அப்பறமா? யாரைக் கூப்பிடோணும்? மேகலாவையா?

இல்லீங்க முதலாளி, நான் ஒண்ணும் சொல்லலை. அவராக் கேக்கறார். போன்ல பேசுன புள்ளை இருந்தாத்தான் லிஃப்ட்டப் பத்திப் பேசுவாராம். நான் என்னத்தைச் சொன்னேன்? நம்ம கம்பெனியப் பத்திப் பெருமையாத்தான் சொல்லிட்டு வந்தேன். சரிங்க. சரிங்க முதலாளி. வண்டியில வந்துட்டு இருக்குதுங்களா? நானே கீழ போய் நின்னு கூட்டிட்டு வர்றனுங்க. இப்பவே போறேன்.

ஏப்பா பிரான்சிஸ், நல்லாப் பண்ணுனே. வேர்த்துக் கொட்டுது பாரு உனக்கு. என்னது, கரண்ட் வந்துருச்சா? லிஃப்ட் ரெடியா? சந்தோசம். நான் படியிலயே எறங்கிக்கறேன்பா. ஏழு மாடிதானே. சக்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்காங்க எனக்கு. படியில லைட்டை மட்டும் போட்டு விடு.

பிரான்சிஸ், ஒரு நிமிஷம். இந்த லேப்டாப்பு கனமா இருக்குது. இதை மட்டும் லிஃப்ட்டுல வச்சுக் கீழ அனுப்பிரு. நான் நடந்து வந்து வாங்கிக்கறேன்.